மாமா பாஸ் போடாத ஸ்டாண்டு

எங்கள் வீட்டில் ஒரு லேத்து நடந்திருக்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்தவள். சமையலறையை ஒட்டிய பால்கனியில், என் பழைய படிப்பு மேஜையின் ஒரு கோடியில் புறப்பட்டு மறு கோடி வரைக்கும் அது குடுகுடுவென்று நடந்து வந்தது. மேஜை முடிந்த பிறகு என்ன செய்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக அதற்குள் அப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

அப்பா அதை ஹைதராபாத்தில் உப்பல் பக்கம் இழுத்து மூடப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கி வந்திருந்தார். மரம் கடைகிற சின்ன லேத்து. ஒரு கட்டையை இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு அது வேகமாகச் சுற்றும். நாம் உளியைக் கொடுத்தால் கட்டை உருண்டையாக இழைந்து வரும். பூரிக்கட்டை, கட்டில் குமிழ், கரண்டிக்குக் காம்பு என்று எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அப்பா ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் வேலை பார்த்தார். தான் வரைந்த எதையும் அவர் தொட்டுப் பார்த்ததில்லை. வரைபடம் ஒரு கட்டடத்துக்குள் போகும், பொருள் வேறொரு கட்டடத்திலிருந்து லாரி ஏறிப் போய்விடும். சொந்தக் கையால் ஒரு சாமானாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

எனக்கும் அதில் ஒரு ஆசை இருந்தது. என் செஸ் செட்டில் கறுப்பு வஜீர் தொலைந்து போயிருந்தது. மற்ற ஊர்களில் அதை ராணி என்பார்களாம், எங்கள் தெருவில் அது வஜீர்தான். அது நிற்க வேண்டிய கட்டத்தில் இருமல் மருந்து பாட்டிலின் மூடியைக் கவிழ்த்து வைத்து ஆடிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுப் பையன் அதை வெட்டும்போதெல்லாம் "உன் டக்கன் போச்சு" என்று கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான். டக்கன் என்றால் மூடி. ஆட்டத்தில் தோற்பதுகூடப் பரவாயில்லை, ஒரு மூடியை இழந்துவிட்டு அழுகிறவளாக இருப்பதுதான் அவமானம். லேத்தில் முதலில் கடையப்போவது உன் வஜீர்தான் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் லேத்து விஷயத்தில் நான் முழுக்க முழுக்க அப்பா கட்சி.

லேத்து நடந்த அன்று அதில் மாட்டியிருந்த கொய்யாக் கட்டை மட்டும் நடக்கவில்லை, பறந்தது. சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய், அம்மா அப்போதுதான் வழித்து வைத்திருந்த இட்லி மாவுப் பாத்திரத்தில் குதித்தது. அம்மா முகமெல்லாம் மாவாகப் பால்கனிக்கு வந்தாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"ஸ்டாண்டு இல்லாம இன்னொரு வாட்டி இதுல கை வெச்சீங்கன்னா, இதையும் உங்களையும் சேத்துப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுருவேன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஸ்டாண்டு செய்ங்க. செஞ்சு, எங்கண்ணன் வந்து பாத்து பாஸ்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் சுவிட்சைப் போடுங்க."

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டிசைன்காரர்கள் கற்பனை செய்ததை இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் தடவிப் பார்த்துக் குறை சொல்வார்கள். இரண்டு பிரிவுக்கும் எலியும் பூனையும் போலத்தான். மாமாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல்கூட அந்த கேட்டைத் தாண்டியதில்லை என்று பெயர். அப்பா அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட மாமா பாதி நாள் குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் பாஸ் போட்டாராம்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாமி இறந்துபோயிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாரேட்பள்ளியில் இருந்த வீட்டில் மாமா தனியாக இருந்தார். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். அம்மா வீட்டார் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து, தமிழில் பாதியைக் கொடுத்துவிட்டு உருதுவை வாங்கிக்கொண்டவர்கள். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. கட்டிக்கொடுத்த தங்கை வீட்டில் காரணமில்லாமல் கை நனைக்கக் கூடாது. தீபாவளிக்குச் சீர் கொண்டுவருவார், காபி குடிப்பார், போய்விடுவார். "சாப்பாடெல்லாம் வேணாம், நக்கோம்மா, நான் ஹோட்டல்ல பாத்துக்கறேன்" என்பார். ஹோட்டலில் அவர் பார்த்துக்கொண்டது இரானி சாயும் பன்னும்தான் என்பது அவரைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருநாள் வந்தபோது பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இருந்தது. அவர் போன பிறகு அம்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் வேலை என்று கூப்பிட்டால் மாமா வேறு ஆள். அப்பா போனில் "மச்சான், ஒரு ஸ்டாண்டு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு" என்று இழுத்ததும் மறுமுனையில் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கே கேட்டது.

"ஞாயித்துக்கெழமை காலையில சாமானை ரெடியா வைங்க மாப்ளே. பெயின்ட் கியின்ட் அடிச்சுத் தப்பை மறைக்க நக்கோ."

அப்பா உடைந்துபோன ஒரு தேக்குக் கட்டிலைப் பிரித்து ஸ்டாண்டு செய்தார். நான்கு கால்களையும் ஒரே அளவில் அறுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முடியின் கனத்தைக்கூட அளக்கிற கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்ப்பதும் அளப்பதும் மறுபடி தேய்ப்பதுமாக ஒரு வாரம் மாலையெல்லாம் போனது. "என்னட்டி, எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். அப்பாவுக்குத் திருநெல்வேலித் தமிழ்தான் வரும். எவ்வளவோ வருஷம் ஹைதராபாத்தில் இருந்தும் அது அவரைவிட்டுப் போகவில்லை. நல்லாயிருக்கு என்று சொல்ல "பாகுந்தி" என்றேன் தெலுங்கில். எனக்கு அப்படித்தான் வரும்.

மாமா ஞாயிற்றுக்கிழமை சட்டையை உள்ளே விட்டு, பாக்கெட்டில் பேனா செருகி, ஆபீஸுக்குப் போகிற மாதிரி வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நேரே பால்கனிக்குப் போய்ப் பையைத் திறந்தார். ரசமட்டம், டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போலக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, ஒரு சாக்பீஸ். ரசமட்டத்தை ஸ்டாண்டின் மேல் வைத்தார். உள்ளே இருந்த காற்றுக் குமிழி, வீட்டுக்காரரைக் கண்ட வாடகைக்காரர் மாதிரி ஓரமாக ஓடி ஒதுங்கிக்கொண்டது.

"சாஞ்சிருக்கு மாப்ளே."

"அது எப்படி மச்சான்? நாலு காலும் ஒரே அளவு. முடியளவு வித்தியாசம் கெடையாது."

"ஹவ், ஆமா. கால் நாலும் ஒண்ணுதான், நான் இல்லைங்கல. உங்க தரை?"

அப்பா தரையைப் பார்த்தார். பால்கனித் தண்ணீர் வடிவதற்காகத் தரை மூலையில் இருந்த ஓட்டையை நோக்கி ஒழுங்காகச் சரிந்திருந்தது. எந்தக் கட்டடத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆகாயத்தில் எங்கேயோ போகிற சமிக்ஞையை எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறவர், காலுக்கடியில் இருந்த தரையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாமா சாக்பீஸால் ஸ்டாண்டின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்ட். ரீவொர்க் பண்ணுங்க. நான் இருந்து பாக்கறேன்."

ரீவொர்க் நடந்துகொண்டிருக்கும்போதே சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. அம்மா தட்டுகளை வைத்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அப்பா ரம்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பாதி வேலையில இன்ஸ்பெக்டர் வெளிய போனா எப்படி மச்சான்? ஃபேக்டரியில கேன்டீன் உண்டும்லா?"

மாமா இதைச் சட்டப்படி யோசித்துப் பார்த்தார். கேன்டீன் உண்டுதான். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா வத்தக்குழம்பு வைத்திருந்தாள், அப்பளம் பொரித்திருந்தாள். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா கேட்காமலே மறுசோறு போட்டபோது அவர் கையைக் குறுக்கே நீட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா தரையின் சரிவுக்குத் தக்கபடி காலை அறுத்துச் சரிசெய்வதாக இருந்தார். செய்தார். ஆனால் மேட்டுப் பக்கத்துக் காலைக் குறைப்பதற்குப் பதிலாகப் பள்ளத்துப் பக்கத்துக் காலைக் குறைத்துவிட்டார். வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஸ்டாண்டைத்தான் திருப்பிப் போட்டு அறுத்திருந்தார். அந்தத் தப்பைச் சரிக்கட்ட மற்ற மூன்று கால்களையும் அறுத்தார். அதில் ஒன்று அதிகம் குறைந்துபோக, மறுபடி மூன்றை அறுத்தார். ஸ்டாண்டு நாளுக்கு நாள் குள்ளமாகிக்கொண்டே வந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு, "கைக்கு மாப்ளே, சம்மணம் போட்டு உக்காந்து கடையப் போறீங்களா?" என்றார். அவர் பேச்சில் கைக்கு என்றால் ஏன். அதற்கும் ஒரு பெருக்கல் குறி. அன்றைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய்.

பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கால்களின் அடியில் இரும்புத் தகடு அடித்து, நீளமான போல்ட்டுகளை மாட்டினார். போல்ட்டைத் திருகினால் கால் உயரும், தாழும். வேண்டிய உயரத்தில் நிறுத்தி, மேலே ஒரு நட்டை முடுக்கிவிட்டால் அசையாது. இது நல்ல யோசனை என்று மாமாவே ஒப்புக்கொண்டார். ஆனால் ஸ்டாண்டுக்குக் கனம் போதாது, ஓடும்போது அதிரும் என்று அதையும் திருப்பிவிட்டார். அப்பா அடியில் ஒரு பெட்டி அடித்து, பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு மணல் வாங்கி நிரப்பினார். அந்த வாரம் கட்டடத்துப் பூனைக்குக் கொண்டாட்டம். மாமா கண்ணாடியையும் டார்ச்சையும் பெட்டிக்குள் விட்டவர், வெடுக்கென்று தலையை வெளியே எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு டிஃபெக்டை நான் பாத்ததே இல்ல மாப்ளே!"

அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். மாமி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கோ எரிச்சல்தான் வந்தது. இவர்கள் சிரிக்கச் சிரிக்க என் வஜீர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கீழ் வீட்டுப் பையன் இப்போது டக்கனுக்கு ஒரு பாட்டே கட்டியிருந்தான்.

மணலுக்கு மூடி போட்டு ஆணி அடித்த அடுத்த ஞாயிறு, மாமா வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து ஸ்டாண்டைத் தட்டினார், தண்ணீர் தளும்பக்கூட இல்லை. சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் படுத்து அடியெல்லாம் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் கரெக்டாதான் இருக்கு மாப்ளே" என்றார். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் துள்ளிக் குதித்தேன். வேறு யாரும் குதிக்கவில்லை. அம்மா கரண்டியோடு பால்கனிக்கு வந்து நின்றாள். உலையில் அப்போதுதான் அரிசி போட்டிருந்தாள். மாமா ரசமட்டத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார், டார்ச்சை வைத்தார். வாசலுக்குப் போய், கண்ணுக்கு எதிரிலேயே கிடந்த செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"மச்சான், ஒரு நிமிசம்" என்றார் அப்பா. "வெறும் ஸ்டாண்டுதானே பாத்தோம். லேத்த மேல ஏத்தி வச்சு, ஒரு வாரம் வெயிட்ட தாங்குதான்னு பாக்காண்டாமா? அடுத்த ஞாயித்துக்கெழமை ஃபைனல் வச்சுக்கிடுவோம்."

மாமா செருப்பைத் தேடுவதை நிறுத்தினார். "ஹவ். லோட் டெஸ்ட் இல்லாம பாஸ் போடக் கூடாதுதான்" என்றார். லேத்தைத் தூக்கி வைக்க இன்னொரு கை வேண்டியிருந்ததால் திரும்பி உள்ளே வந்தார். தூக்கி வைத்து முடிப்பதற்குள் சோறு வெந்துவிட்டது.

வஜீர் எனக்குக் கடைசியில் கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்தது, கோடை விடுமுறை பிறந்த பிறகு. ராஜாவைவிட ஒரு தலை உயரமாக, சற்றே கூன் போட்டபடி இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஃபைனல் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிப் பக்கம் போனேன். அப்பா ஸ்பேனரோடு ஸ்டாண்டின் அடியில் படுத்திருந்தார். கடைசி நேரத்தில் முடுக்குகிறார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். முடுக்குவது எந்தப் பக்கம், கழற்றுவது எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா கழற்றிக்கொண்டிருந்தார். அதைவிட மோசம், அம்மா முன்ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஸ்கூட்டர் திரும்பிடுச்சு, சீக்கிரம்" என்றாள், தாழ்ந்த குரலில்.

பேஸ்ட்டை முழுங்கிவிட்டேன். பெற்ற தாயும் தகப்பனும் சேர்ந்துகொண்டு என் வஜீருக்குக் குழி பறிப்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு என்ன இருக்கும்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். எல்லார் முன்னாலும் போட்டு உடைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

மாமா வந்தார். பையைத் திறந்தார். ஸ்டாண்டின் மேல் கையை வைத்தார். அது லேசாகத் தடதடத்தது. மாமா பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

"மாமா, ஜூட்! பொய்!" என்று கத்தினேன். "அப்பாதான் லூஸ் பண்ணாங்க! ஸ்பேனர் வெச்சு! நேனு சூசானு, நானே பாத்தேன்!" சாட்சி சொல்கிற அவசரத்தில் எனக்கு எல்லா மொழியும் சேர்ந்து வந்தது. "அம்மாவும்தான்! அம்மா ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தாங்க!"

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. அப்பா கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா குனிந்தார். டார்ச்சை அடித்தார், காம்புக் கண்ணாடியை உள்ளே விட்டு அந்த நட்டைப் பார்த்தார். ஒரு நட்டில் பார்க்க அவ்வளவு நேரத்துக்கு ஒன்றும் இல்லை. எழுந்தபோது மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார்.

"தேக்காச்சே பேட்டா, இந்தக் காத்துக்குச் சுருங்கும்" என்றார். "மரம் சுருங்கினா நட்டு தன்னால லூஸாயிடும். உங்கப்பா கைக்கு லூஸ் பண்ணப் போறாரு?"

"லேது மாமா, இல்ல! நான் பாத்தேன்!"

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அப்பா. குரலில் கோபம் இல்லை. அதுவேறு என்னை இன்னும் கோபப்படுத்தியது.

மாமா கையை நீட்டினார். அப்பா முதுகுக்குப் பின்னாலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். மாமா அதை என்னிடம் கொடுத்தார். "இந்தா பேட்டா. நீயே டைட் பண்ணு."

நான் ஸ்டாண்டின் அடியில் புகுந்து படுத்தேன். இனி அப்பா என்ன, யானை வந்து இழுத்தாலும் கழலக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். நட்டு நின்றது. இன்னும் ஒரு திருகு திருகப் போனபோது மாமாவின் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அவரும் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"போதும் பேட்டா. ரொம்ப டைட் நக்கோ" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கொஞ்சம் விட்டு வை. அடுத்த வாரம் நான் வந்து பாக்கறேன்."

அப்புறம் அவரே போய்க் கையைக் கழுவிக்கொண்டு, அம்மா கூப்பிடுவதற்கு முன்பே வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அப்பா எதிரே உட்கார்ந்து, சம்பந்தமில்லாமல் கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே மாமாவைப் பார்த்தேன். இத்தனை காலம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த மனிதருக்கு, ஒரு நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.